காலடியில் ஒரு கட்டடம்

1987 மார்ச் 25 அன்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. விஜயநகர மன்னர்கள் காலத்தில் அடித்தளத்தோடு நின்றுபோய், பல தலைமுறைகளாக ‘மொட்டைக் கோபுரம்’ என்று பெயர் வாங்கியிருந்த வாசல் அது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் முனைந்து நின்று, 1979 தொடங்கி எட்டே ஆண்டுகளில் 13 நிலைகளாக, 236 அடிக்கு அதை உயர்த்தினார். மறுநாள், மார்ச் 26, அமெரிக்காவில் நைக்கி நிறுவனத்தின் ‘ஏர் மேக்ஸ் 1’ என்ற ஓட்டக் காலணி கடைக்கு வந்தது. அந்தத் தேதியை ‘ஏர் மேக்ஸ் தினம்’ என்று கொண்டாடும் கூட்டம் இன்று உலகெங்கும் உண்டு.

இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. தேதிகள் அடுத்தடுத்து விழுந்தது தற்செயல். என்றாலும் இதைச் சொல்லித் தொடங்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஷூவை வரைந்தவர் கட்டடக்கலை படித்தவர். ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அதை வரைந்தார். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, நம் கொல்லிமலையில் பிறந்த இன்னொருவர், அவரும் கட்டட வேலை கற்றவர், வேலூரில் ஒரு செருப்பை உருவாக்கியிருந்தார். முன்னவரை ஷூ பைத்தியங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பின்னவருடைய செருப்பைத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.

டிங்கர் ஹாட்ஃபீல்ட் 1952-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தவர். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர், கூடவே கோலூன்றித் தாண்டும் வீரர். அவருடைய பயிற்சியாளர் பில் பவர்மன், நைக்கியை நிறுவிய இருவரில் ஒருவர்; வீட்டில் மனைவி வைத்திருந்த வாஃபிள் சுடும் அச்சில் ரப்பர் போன்ற கலவையை ஊற்றி ஷூவின் அடிப்பாகத்தை வார்த்துப் பார்த்தவர். ஒருமுறை தாண்டும்போது விழுந்து ஹாட்ஃபீல்டின் கணுக்கால் மோசமாக அடிபட்டது. பழையபடி ஓட முடியாமல் தவித்தவருக்குக் குதிகால் பக்கம் உயர்த்திய தனி ஷூ ஒன்றைப் பவர்மனே செய்து கொடுத்தார். ஒரு காலுக்காக ஒரு ஷூ எப்படி உருவாகிறது என்பதை ஹாட்ஃபீல்ட் தன் காலிலேயே பார்த்தார்.

1981-இல் நைக்கியில் அவர் வேலைக்குச் சேர்ந்தது அலுவலகங்களும் விற்பனைக் கூடங்களும் வடிவமைப்பதற்கு. 1985-இல்தான் ஷூ வரையும் பக்கம் திரும்பினார். நைக்கியிடம் அப்போதே ஒரு நல்ல சரக்கு இருந்தது, ஆனால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ஃபிராங்க் ரூடி, வாயு அடைத்த பை ஒன்றை ஷூவின் அடியில் புதைக்கும் யோசனையைக் கொண்டுவந்திருந்தார். 1978-இல் ‘டெயில்விண்ட்’ என்ற ஷூவில் அது வந்தும்விட்டது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கோ வெளியே தெரிவது நுரை ரப்பர் மட்டும். உள்ளே வாயு இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் ஹாட்ஃபீல்ட் பாரிஸ் போய்ப் பாம்பிடு மையத்தைப் பார்த்தார். ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வடிவமைத்து 1977-இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் அது. சுவருக்குள் மறைந்திருக்க வேண்டிய குழாய்களையெல்லாம் வெளியே இழுத்து வண்ணம் பூசி நிறுத்தியிருப்பார்கள்: காற்றுக் குழாய் நீலம், தண்ணீர்க் குழாய் பச்சை, மின்சாரம் மஞ்சள், மனிதர்கள் ஏறி இறங்கும் வழி சிவப்பு. பாரிஸ்காரர்கள் பலருக்கு அதைப் பிடிக்கவில்லை. ஹாட்ஃபீல்ட் ஊர் திரும்பி, ஷூவின் குதிகால் பக்கவாட்டில் ஒரு ஜன்னலை வெட்டினார். உள்ளே இருக்கும் வாயுப்பை வெளியே தெரிந்தது. அந்த ஜன்னலைக் கவனிக்க வைக்க, சுற்றிலும் பளிச்சென்ற சிவப்பைப் பூசினார்.

அதை வெறும் கண்காட்சி என்று தள்ளிவிட முடியாது. பை மறைவாக இருந்தவரை சுற்றியிருக்கும் நுரை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கச் சுவரை வெட்டியதும் பை தன்னைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. சுவர் பலப்பட வேண்டும், பை பெரிதாக வேண்டும். முதலில் 1986-இல் செய்த பெரிய ஜன்னல் குளிரில் விரிசல் விட்டது. பிளாஸ்டிக்குகள் குளிரக் குளிர நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மை கொள்ளும். நம் ஊர் வெயிலில் அந்தச் சிக்கல் வந்திருக்காது. ஜன்னலைச் சிறிதாக்கியபிறகு வந்ததுதான் உலகம் அறிந்த வடிவம்.

அந்தப் பைக்குள் என்ன இருந்தது? ‘ஏர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் அடைத்தது வெறும் காற்று அல்ல. சைக்கிள் டியூபில் அடித்த காற்று நாளடைவில் இறங்கிவிடுவதுபோல, எந்த மெல்லிய பிளாஸ்டிக் சுவரிலும் சிறு மூலக்கூறுகள் ஊடுருவி வெளியேறும். ரூடி பெரிய மூலக்கூறு கொண்ட வாயுக்களைத் தேர்ந்தார். அவற்றில் ஒன்று சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு; நடுவில் ஒரு கந்தக அணு, சுற்றிலும் ஆறு ஃபுளோரின் அணுக்கள். இது சுவரைத் தாண்டப் படாதபாடு படும். வெளிக்காற்றிலிருந்து நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே நுழைவதால் அழுத்தம் தொடக்கத்தில் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடவும் செய்யும். கெட்டிக்காரத்தனமான வேதியியல். ஆனால் ஒரு கிலோ சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு நூறு ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் அளவு, ஒரு கிலோ கரியமில வாயுவைப்போலச் சுமார் 23,000 மடங்கு. எதிர்ப்பு கிளம்பியபிறகு, பையின் படலத்தையே பல அடுக்காக மாற்றி, 2006-க்குள் நைட்ரஜனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரி, வாயுப்பை காலுக்கு என்ன செய்கிறது? ஓடும்போது பாதம் தரையில் படும் கணத்தில் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை வருகிறது. 60 கிலோ ஆள் என்றால் 120 முதல் 180 கிலோ எடைக்குச் சமம். இறங்கி வரும் உடலை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டால் உச்ச விசை குறையும். மாடியில் நிற்கும் சித்தாள், கீழிருந்து எறிந்த செங்கல்லைப் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் அல்லவா, அதே கணக்கு. நுரை ரப்பரும் இதைச் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கான மிதிகளில் அதன் நுண்ணறைகள் நசுங்கி, பழைய உயரத்துக்குத் திரும்பாமல் போகும். வாயுவுக்குக் களைப்பு கிடையாது. அமுக்கினால் கன அளவு குறைந்து அழுத்தம் ஏறும், விட்டால் திரும்பும். விஞ்ஞானி பாயில் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி. இதனால் ஓடுபவருக்குக் காயம் குறைகிறதா என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. செருப்பே போடாமல் ஓடிப் பழகியவர்கள் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் இறங்கி அந்த முதல் அதிர்ச்சியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள் என்று டேனியல் லீபர்மன் குழு 2010-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது.

ஹாட்ஃபீல்ட் எதையெல்லாம் பார்த்து வரைந்தார் என்ற பட்டியல் சுவையானது. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானம், புல்வெட்டும் இயந்திரம், கருஞ்சிறுத்தை, யானைத் தோலின் சுருக்கம். இதில் எனக்கு ஒரு பாகுபாடு தோன்றுகிறது. 1988-இல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்காகச் செய்த மூன்றாவது ஷூவின் யானைத்தோல் கோடுகள் அழகுதான்; காலுக்கு அவை ஒன்றும் செய்யவில்லை. நீர்ச்சறுக்குக் காலுறையின் நியோபிரீனைப் பார்த்து 1991-இல் செய்த ‘ஹுவாராச்சி’ அப்படியல்ல. அந்த நெகிழ்துணி பாதத்தைச் சுற்றிப் பிடித்ததால் ஷூவின் கனமான மேல்பாகமே பெருமளவு தேவையற்றுப் போனது. முதல் வகையில் கண் பார்த்ததைக் கை வரைகிறது. இரண்டாம் வகையில், ஒரு பொருள் வேறோரிடத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு காலுக்குக் கொண்டுவருகிறார்கள். என் மதிப்பில் கொல்லிமலைக்காரர் இரண்டாம் வகையின் உச்சம்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். மலைப்பிள்ளைகளோடு வெறுங்காலில் திரிந்து வளர்ந்தவரை ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வைத்தியம் வேண்டாம் என்று, பள்ளி முடித்ததும் தச்சு, கொத்து என்று கட்டட வேலையில் ஐந்து ஆண்டுகள் பழகினார். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன இடத்தில், மடங்கிப்போன கைகளுக்கும் புண்பட்ட கால்களுக்கும் ஒரு எலும்பு மருத்துவர்கூட ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

நோய் சதையை அரித்து விரல்களை உதிர்க்கிறது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, மிச்சத்தை வலியற்ற மனிதர் தனக்குத் தானே செய்துகொள்கிறார். நாமெல்லாம் நாள் முழுவதும் நம்மை அறியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஓரிடம் லேசாக நோகத் தொடங்கினால் எடை வேறு பக்கம் போகும். உணர்ச்சியற்ற பாதம் அப்படிச் செய்யாது. அதே எலும்பு முனையில் அதே சதையை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை மிதிக்கும். ஒரு தடவை மிதித்தால் ஒன்றும் ஆகாத அழுத்தம், ஓயாமல் வந்தால் உள்ளே வீக்கமாகி, பிறகு புண்ணாகி உடைகிறது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபிறகு, எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து இதைச் சோதித்தும் காட்டினார்.

ஆக, வலி செய்த வேலையைச் செருப்பு செய்ய வேண்டும். அது எடையைப் பரப்பும் கணக்கு. கொத்தனார் அஸ்திவாரம் போடும்போது போடும் கணக்குதான். 60 கிலோ எடை 5 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ. அதையே 60 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் ஒரே கிலோ. பலவற்றை முயன்று பார்த்துவிட்டு வேலூர்க் குழு வந்து சேர்ந்த பொருள் மைக்ரோசெல்லுலர் ரப்பர். உள்ளே கோடிக்கணக்கான நுண்குமிழிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிய அறை; அமுக்கினால் வாயு பக்கத்து அறைக்கு ஓடிவிடாது. மென்மையை ஷோர் அளவில் 15 டிகிரி ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அதைவிட மெத்தென்று போனால் எலும்பு அடிவரை அமுங்கித் தரையைத் தொட்டுவிடும், கெட்டியானால் எடை பரவாது. கீழே முள் ஏறாதபடி உறுதியான ரப்பர், பெரும்பாலும் பழைய டயர். ஆணி கூடவே கூடாது, ஏனென்றால் ஆணி மேலே வந்து குத்தினாலும் அந்தக் கால் சொல்லாது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்தாலும் அந்தக் கால் அறியாது.

இதுதான் ‘எம்.சி.ஆர். செருப்பு’. தொழுநோய் குறைந்தது, சர்க்கரை நோய் பெருகியது, அதுவும் நரம்பைத்தான் தின்கிறது. செருப்பு அப்படியே கைமாறிவிட்டது. இப்போது ‘சுகர் செருப்பு’ என்று கேட்டாலே எடுத்துப் போடுகிறார்கள். வாங்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே வார் புதிதுபோல இருந்தாலும் உள்ளே ரப்பர் அமுங்கிப்போயிருந்தால் அது வெறும் செருப்பு. நைக்கி ஜன்னல் வைத்துக் காட்டியதும் இதே சரக்குதான், அடைபட்ட வாயு. அங்கே ஒரு பெரிய பை, இங்கே எண்ணற்ற சின்னப் பைகள். இரண்டுக்கும் முந்திய வடிவம் நம் குதிகாலுக்குள்ளேயே இருக்கிறது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சுமார் 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கொழுப்பு மெத்தை. நார்ச் சுவர்களால் தேன்கூடு போலத் தடுத்த அறைகளில் கொழுப்பு அடைபட்டிருக்கும். மிதித்தால் அறை உப்பும், பக்கத்துக்கு வழியாது.

ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் இந்த இயற்கை மெத்தையை மட்டும் நம்பித்தான் நடக்க வேண்டும். செருப்பை வெளியே விடச் சொல்லும் அதே கோயிலில், பெருமாளுடைய பாதுகைக்குக் கிடைக்கும் மரியாதை தனி. சடாரி என்று தலையில் வைப்பது அந்தப் பாதுகைதான். வேதாந்த தேசிகர் பாதுகையை மட்டுமே பாடுபொருளாக வைத்து 1008 சுலோகங்களில் ‘பாதுகா சஹஸ்ரம்’ இயற்றியது இந்த ஊரில். ஒரே இரவில் பாடியதாக ஐதிகம். அதில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளைக் கட்டங்களில் எழுதி, சதுரங்கக் குதிரை தாவும் வழியில் படித்தால் அடுத்த சுலோகம் வரும்; கணிதக்காரர்கள் இன்றும் வியந்து பேசும் கட்டமைப்பு. ரங்கநாதருக்குச் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளைப் பற்றிய கதை இன்னும் பிரபலம்: வெவ்வேறு ஊரில் இருக்கும் இருவர் கனவில் அளவு பெற்று, ஒருவர் வலதும் ஒருவர் இடதுமாகச் செய்து கொண்டுவந்தால் ஜோடி சரியாகப் பொருந்துமாம். கதையாகவே இருக்கட்டும், காலணித் தொழிலின் மிகக் கடினமான கேள்வியை அது தொட்டுவிடுகிறது. அளவு எங்கிருந்து வருகிறது?

அதற்கு முன் வெயில். சித்திரை மதியத்தில் பிராகாரத்துக் கருங்கல்லில் கால் வைத்தவருக்குத் தெரியும். கல்லும் அதன்மேல் விரித்த தேங்காய்நார்ப் பாயும் ஒரே வெயிலில்தான் கிடக்கின்றன. ஆனால் கல் தன் சூட்டை வேகமாகப் பாதத்துக்குத் தள்ளும், பாய் தள்ளாது. நாருக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தைக் கடத்தாது என்பதுதான் விஷயம். இங்கேயும் அடைபட்ட காற்றே காப்பாற்றுகிறது. கோயில்களில் வெள்ளைப் பெயின்ட் பட்டையடிப்பது வேறு வழி, அது ஒளியைத் திருப்பி அனுப்பிக் கல்லைச் சூடேறவே விடாமல் தடுக்கிறது.

வெறுங்கால் நடை கெடுதலா? எலும்பு மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்து 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்துக்குத் தட்டைப் பாதம்; போடாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம், திறந்த செருப்பில் குறைவு. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, காய்ப்பு ஏறிய வெறுங்கால் தோல் தடித்துப் பாதுகாத்தாலும் தரையின் அதிர்வை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்றது. கனமான ஷூ அடிப்பாகம் குறைத்துவிடும். இதை வைத்துக்கொண்டு காந்தி சந்தை வீதியில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லவில்லை. கண்ணாடித் துண்டுக்கு ஆய்வு தெரியாது. சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது.

அளவுக் கேள்விக்கு வருவோம். நாம் கடையில் ‘எட்டு’, ‘ஒன்பது’ என்று கேட்கும் எண்கள் வெள்ளைக்காரன் காலத்து அளவு. சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதத்தை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. அகலம் போதாததால் நீளத்தில் ஓர் எண் பெரியதாக வாங்குகிறோம்; பிறகு ஷூவுக்குள் கால் வழுக்கி, நகம் இடித்து, குதிகால் தேய்கிறது. ‘பா’ என்று பெயரிட்டு எட்டே அளவுகளில் ஒரு புது முறையை நிறுவனம் பரிந்துரைத்தது.

இதற்கிடையில் தமிழ்நாடு உலகத்துக்கே ஷூ தைத்துக்கொண்டிருக்கிறது. தைவானின் ஃபெங் டே குழுமம் செய்யாறில் நைக்கிக்காக ஷூ செய்கிறது. முன்பு திருச்சி மாவட்டத்தோடு இருந்த பெரம்பலூரின் எறையூரில் 2023 முதல் கிராக்ஸ் காலணிகள் தயாராகின்றன. அந்தக் கிராக்ஸின் பொருளும் மூடிய அறை நுரைதான், வேலூர் ரப்பரின் தூரத்துச் சொந்தம். தைப்பது நாம், ஆனால் எந்தக் கால் அச்சின்மேல் தைப்பது என்ற முடிவு வேறு நாட்டில். ஆலைக்காரர்கள் ‘லாஸ்ட்’ என்று சொல்லும் அந்த அச்சு மாறாமல், பெட்டியின்மேல் எண்ணை மட்டும் மாற்றி என்ன பயன்?

துவாக்குடி என்.ஐ.டி.யில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. அங்கே யாராவது ஹாட்ஃபீல்டைப்போல ஷூ பக்கம் திரும்பினால், அவருக்கு வாடிக்கையாளர்கள் தரும் நிபந்தனைகள் பாரிஸில் கிடைக்காதவை. கையில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது குனியாமல் கழற்ற வேண்டும், எனவே கயிறு கூடாது. விரல் பக்கம் அகலம். நாற்பது டிகிரியில் வேகாத மேல்பாகம், ஐப்பசி மழையில் நனைந்தால் ஒரு மணி நேரத்தில் காய்கிற பொருள். அறுபது வயதில் கால் மரத்தவருக்கும் அதே அச்சில், ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுக்க வழி. விலை, சுகர் செருப்பின் விலையைத் தாண்டக் கூடாது. இதில் கடைசி நிபந்தனைதான் கஷ்டம்.